எரியவிட்ட அடுப்பு

செர்வியா எரிகிற கட்டைகளை இழுத்துச் சாம்பலில் புதைத்துக்கொண்டிருந்தாள். பிணம் கிடக்கிற அறையில் சூடு ஆகாது. பெட்டிக்குள் கிடக்கும் அப்பா அசாஹேல் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ஒரு கத்து கத்தியிருப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அடுப்பில் நாலு கட்டையை அடுக்கிவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். "யாரு குளிர் காயறதுக்கு? எலியா?" என்று அம்மா சாகும்வரை சண்டை போட்டாள். அவர் சிரிப்பாரே தவிர, பதில் சொன்னதில்லை.

வாசலில் ஊர்ப்படைக் கேப்டன் லெமுவேல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"முரசு கேட்டு ஆள் அனுப்பினியாம்."

"ஆமா கேப்டன். சண்டைக்குப் போனவங்க எல்லாருக்கும் அடிச்சுத்தானே கொண்டுபோறோம்?"

"போனவங்களுக்கு இல்லம்மா, நின்னவங்களுக்கு. பிரின்ஸ்டன் சண்டை அன்னிக்கு எங்கப்பா செத்தாரு. உங்கப்பா அன்னிக்கு வரிசையிலயே இல்ல. மூணு நாள் கழிச்சு எங்கிருந்தோ வந்து சேர்ந்தாரு. நான் என்னன்னு அடிக்கச் சொல்றது?"

செர்வியாவுக்கு முகம் எரிந்தது. இந்தப் பேச்சைச் சிறுவயதிலிருந்து முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறாள். ஒருமுறை அப்பாவிடமே கேட்டும் பார்த்தாள். அவர் எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார்.

சவப்பெட்டியருகே ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த கிழவர் தலையைத் தூக்கினார். ஓபெட் என்று பேர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற கடிதம் கிடைத்து, இரண்டு நாள் வண்டியில் வந்து, பிணத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைத்தவர்.

"வரிசையில எப்படிய்யா இருப்பான்? அவன் ட்ரென்டன்ல அடுப்பு எரிச்சுக்கிட்டில்ல இருந்தான்."

"என்ன அடுப்பு?" என்றார் லெமுவேல்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் கடல் தாண்டி வந்த ராஜாவோட படை. இந்தப் பக்கம் நாங்க, ஓட வழியில்லாம. விடிஞ்சா கதை முடிஞ்சுது. ராத்திரி பீரங்கிச் சக்கரத்துல துணியைச் சுத்தி மொத்தப் படையும் நழுவிடுச்சு. சில நூறு பேரை மட்டும் விட்டுட்டுப் போனாங்க. வேலியைப் பிடுங்கி நெருப்பை எரிக்கணும், மண்ணை வெட்டிச் சத்தம் காட்டணும். அவ்வளவு பேரும் இங்கயே கெடக்கறோம்னு எதிரி நம்பணும். நம்பினான்! காலையில அவன் முதுகுக்குப் பின்னால பன்னெண்டு மைல்ல நம்ம பீரங்கி வெடிச்சுது. அதுதான் நீ சொல்ற பிரின்ஸ்டன்."

கிழவருக்கு மூச்சு வாங்கியது.

"விடியறதுக்குள்ள நாங்களும் கிளம்பணும். எனக்கு ரெண்டு காலும் உறைஞ்சுபோச்சு. என்னைப் போட்டுட்டு வந்திருந்தா அவனும் உன் வரிசையில நின்னிருப்பான். மூணு நாள் தோள்ல தூக்கிட்டு நடந்தான். ராஜாகிட்ட கப்பல் இருந்துச்சு, காசு இருந்துச்சு. எங்களுக்குச் செருப்பு இல்ல. அவன் கையில சிக்காம இருக்கறதுதான் எங்க சண்டை. எட்டு வருஷம் சிக்கல. அவனுக்குச் சலிச்சுப்போச்சு, கப்பலேறிட்டான்."

"இதை அப்பா ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றாள் செர்வியா.

"அன்னிக்கு ராத்திரி வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அப்புறம் திறக்கலாம்னு எவனும் வந்து சொல்லலையேம்பான், போக்கிரி." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

லெமுவேல் சவப்பெட்டியைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

அவளுக்கு அப்பாவின் மேல் கோபமாக வந்தது, பெருமையாகவும் வந்தது. இத்தனை நாள் அந்த மனிதரை விறகைப் பாழாக்குகிறவர் என்றே நினைத்திருந்தாள்.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கியபோது வெளியே முரசு முழங்கியது. எட்டிப் பார்த்தாள். லெமுவேல்தான், தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு அடித்தார்.

"வாம்மா, எல்லாரும் கிளம்பியாச்சு" என்றார் ஓபெட்.

"நீங்க நடங்க, இதோ வந்துட்டேன்."

மேட்டுக் கல்லறையில் மண் தள்ளி முடித்துப் போதகர் ஜெபம் சொன்னபோது ஓபெட் மட்டும் கண்ணை மூடவில்லை. ஊன்றுகோலைத் திருப்பி, கீழே ஊர் இருக்கிற பக்கம் பார்த்து நின்றார். அவர் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆளில்லாத அசாஹேல் வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை தடியாக எழுந்துகொண்டிருந்தது.