தொண்ணூற்றிரண்டைத் தாண்டவிடாத சிஸ்டர்

அந்த சிஸ்டர் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது, அவர் என் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில்தான். நாடி பார்க்கிறவர்கள் கையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்தம்மா விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கண்ணை அண்ணனின் நெஞ்சு மேல் வைத்திருந்தார். ஒரு நிமிஷம் முழுக்க. அப்புறம் கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் என்னமோ எழுதிவிட்டுப் போனார். முப்பது வருஷம் கிடங்கில் மூட்டை இறக்கியவன் நான். ஒன்றைத் தொட்டுக்கொண்டு இன்னொன்றைப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பக்கத்துப் படுக்கைத் தையல்காரர்தான் விளக்கம் சொன்னார்.

"அவங்க நாடி பாக்கலண்ணே. நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுறாங்க. எண்ணப் போறேன்னு சொன்னா நம்ம மூச்சு மாறிடுமாம்."

"அப்ப ஏமாத்துறதும் வேலையில சேர்த்தியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆஸ்துமா. அண்ணனைச் சேர்த்த அதே நாள் காலையில்தான் அவரையும் கொண்டுவந்தார்கள்.

அண்ணனுக்கு ஆஸ்துமா இல்லை. இது வேறு. நானும் அவரும் ஒரே சிமெண்டுக் கிடங்கில் வேலை பார்த்தோம். எல்லோரும் ஒரு மூட்டை தூக்கும்போது அவர் இரண்டு தூக்குவார். அதனால் பெயரே ரெட்டை மூட்டை. பகலெல்லாம் சிமெண்டுத் தூசி, ஓய்வு நேரமெல்லாம் சிகரெட். ஐம்பத்தெட்டு வயசில் நுரையீரல் ஓட்டைச் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. பத்தடி நடந்து கழிவறைக்குப் போய்வந்தால் பேச முடியாது. "ரெண்டு மூட்டை தூக்கினவனுக்கு இன்னைக்கு ஒரு மூச்சு தூக்க முடியலடா" என்பார். அதைச் சொல்வதற்கே மூன்று தடவை நிறுத்துவார்.

இரண்டாவது சந்தேகம் எண்ணில் வந்தது. விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அது காட்டும். தையல்காரருக்குத் தொண்ணூற்றேழு. அண்ணனுக்கு எண்பத்தொன்பது, தொண்ணூறு, மிஞ்சிப்போனால் தொண்ணூற்றொன்று. அட்டையைப் போய்ப் பார்த்தேன். நான் எழுத்துக்கூட்டப் படித்தது நாற்பது வயசுக்கு மேல்தான், ஆனாலும் இதற்கு அவ்வளவு படிப்பு வேண்டாம். தையல்காரரின் அட்டையில் 94 முதல் 98 வரை என்று இருந்தது. அண்ணன் அட்டையில் 88 முதல் 92 வரை. யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து, இவனுக்கு இவ்வளவு போதும் என்று முடிவு செய்து எழுதியிருக்கிறார்கள்.

அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு அதற்கு முன்பே சந்தேகம்.

"அவருக்கு மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கு. நம்மாளுக்கு மூக்குல நூல் மாதிரி ஒரு குழாய். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு! கேட்டா இதுதான் இவருக்கு நல்லதாம்."

மூன்றாவது, இன்ஹேலர். "வீட்டுல இருக்கிற இன்ஹேலர் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, காலியானதையும்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். காலியானது எதற்கு? "பழைய சாமான் கடை வெச்சிருக்காங்களோ என்னமோ" என்றார் அண்ணி. வீட்டில் மூன்று இருந்தது. இரண்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டு ஒன்றை மட்டும் கொண்டுவந்தோம். சிஸ்டர் அதை அண்ணன் கையில் கொடுத்து, "வீட்டுல எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க" என்றார். அண்ணன் வாயைத் திறந்து அழுத்தினார். உள்ளே போன புகை அப்படியே வெளியே வந்தது.

"இத்தனை நாளா மருந்து நாக்குக்குத்தான் போயிருக்கு. நெஞ்சுக்குப் போகவே இல்ல" என்றார் சிஸ்டர். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்லி நான்கு தடவை செய்ய வைத்தார்.

அவர் நகர்ந்ததும் அண்ணி முணுமுணுத்தார். "பாத்தீங்களா தம்பி, நோய் தீரலைன்னா நம்ம மேல பழி போட இப்பவே வழி பண்றாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அரண்டு கிடக்கிறவனுக்கு அது பேய் இல்லை என்று எப்படித் தெரியும்?

நான்காம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் அண்ணனுக்குத் திணறல் வந்தது. சாப்பிடுவதும் அவருக்கு மூட்டை தூக்குகிற மாதிரிதான். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கழுத்து நரம்பெல்லாம் கயிறு. நான் ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிவந்தேன்.

"காத்தைக் கொஞ்சம் கூட்டி விடுங்க சிஸ்டர், ஆள் துடிக்கிறாரு."

அவர் கிளிப்பைப் பார்த்தார். தொண்ணூறு. "இவருக்கு இது சரியா இருக்குங்கய்யா. கூட்டினா மயக்கம் வந்துடும்." சொல்லிக்கொண்டே மேசையை இழுத்து அண்ணன் முன்னால் போட்டு, அதில் தலையணை வைத்து, கை இரண்டையும் அதன்மேல் ஊன்றிச் சாய வைத்தார். மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பினார். "உதட்டைக் குவிச்சு, சூடா இருக்கிற டீயை ஊதுற மாதிரி வெளிய விடுங்க. இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. விடுறதுதான் முக்கியம். மெதுவா." மருந்தை ஆவியாக்கித் தருகிற நெபுலைசரும் வைத்தார். அது முடிகிறவரை முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

தோள் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அண்ணனின் கண் என்னையே பார்த்தது. "பத்தலடா" என்றார்.

அதற்குள் கடைசிப் படுக்கைக்குப் புது நோயாளி ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம். சிஸ்டர் அங்கே ஓடினார், திரை இழுத்தார்கள்.

அண்ணி சொன்னார்: "பசிக்கிறவனுக்குச் சோறு போடாம, ஊதக் கத்துக் குடுத்துட்டுப் போறாங்க."

சுவரில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் சின்னதாக ஒரு குண்டு, பக்கத்தில் திருகு. குண்டு ஒன்றில் நின்றது. தையல்காரருடையது எட்டில். மணி இரண்டு பத்து. திருகினேன். ஆறில் நிறுத்தினேன்.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றேழு. நான்கு நாளில் அண்ணனிடம் நான் பார்க்காத எண். அண்ணனின் முகத்தில் ரத்தம் ஓடியது. தோள் முழுசாக இறங்கியது.

"இவ்வளவுதான் விஷயம்" என்றேன் அண்ணியிடம். "இதுக்கு நாலு நாளு."

"நல்லா இருக்குடா" என்றார் அண்ணன். தலையணைமேல் கன்னத்தை வைத்து அப்படியே தூங்கிப்போனார். வாரக்கணக்கில் அவர் இப்படித் தூங்கியதில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரரும் தூங்கிவிட்டார். நான் சிஸ்டர் வந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணனின் விரல்கள் படபடவென்று ஆடின. கை சூடாக, வேர்த்து இருந்தது. "இறக்குடா, இறக்குடா" என்று கண்ணைத் திறக்காமல் உளறினார். கனவு என்று நினைத்தேன். தோளைத் தட்டினேன். குலுக்கினேன். வாயோரம் ஒரு பக்கமாகத் தொங்கி எச்சில் வழிந்ததே தவிர, ஆள் எழவில்லை.

அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. சிஸ்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் திருகைப் பழையபடி ஒன்றில் கொண்டுவந்து வைத்தேன். அப்புறம்தான் கத்தினேன்.

சிஸ்டர் வந்தார். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினார். அண்ணன் முனகினார், அவ்வளவுதான்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"இப்பதான்."

சிஸ்டர் சுவரைப் பார்த்தார். குண்டு ஒன்றில் இருந்தது. கிளிப்பைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் நான்கு நாளாக அவரைப் பார்த்த அதே பார்வை.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"இல்ல."

அண்ணி குரலை உயர்த்தினார். "நாங்க ஏன் தொடப் போறோம்? இல்லாதவங்கன்னா எல்லாத்தையும் எங்க தலையில கட்டுவீங்களா?"

டூட்டி டாக்டர் ஓடிவந்தார். சின்ன வயசு. இமையைப் பிரித்து டார்ச் அடித்தார், தொங்கிய வாயைப் பார்த்தார். மூளையில் அடைப்பாக இருக்கலாம், உடனே தலையை ஸ்கேன் எடுக்கணும் என்றார். ஸ்கேன் எதிர்க் கட்டடத்தில். தள்ளுவண்டி வந்து, அண்ணனை அதற்கு மாற்றிவிட்டார்கள்.

"ரெண்டே நிமிஷம் டாக்டர்" என்றார் சிஸ்டர். என்னைக் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

"உங்களுக்கு என்மேல சந்தேகம், வந்த நாள்லேர்ந்து. எனக்குத் தெரியும். இருக்கட்டும். நீங்க திருகியிருந்தா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். திருகலைன்னா இவங்க தலையில கோளாறு தேடிப் போவாங்க. போய்ட்டு வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் கையில் பேனா இருந்தது. என் கண் அதிலேயே நின்றது. நான் ஆமாம் என்றால் அது எழுதும். எழுதினால், அண்ணன் செத்தால் அது என் கையால் என்று ஆகும். இவர்கள் கை கழுவிக்கொள்வார்கள்.

"எழுதிக்கத்தானே கேக்குறீங்க?"

சிஸ்டர் பேனாவை என் சட்டைப் பையில் செருகினார். "வெச்சுக்குங்க. இப்ப சொல்லுங்க."

இதுவும் ஒரு தந்திரமாக இருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பின்னால் வண்டிச் சக்கரம் நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆறுல வெச்சேன்" என்றேன். "ரெண்டு பத்துலேர்ந்து மூணு வரைக்கும்."

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "டாக்டர், ஸ்கேனுக்கு வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

மணிக்கட்டில் ஆழமாக ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். முகத்தோடு இறுக்கிக் கட்டும் வேறொரு மாஸ்க்கை மாட்டி, மூச்சைத் தள்ளுகிற ஒரு இயந்திரத்தை ஓடவிட்டார்கள். சிஸ்டர் ஒரு கையால் மாஸ்க்கின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் அண்ணனின் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. நான் சுவரோரம் நின்றேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணன் கையை உதறி மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். "இது நல்லது. சண்டை போடுறாரு" என்றார் சிஸ்டர். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"தையல்காரருக்கு மூச்சுக் குழாய்தான் சுருங்குது. மருந்து குடுத்தா விரியும், கெட்ட காத்து தானா வெளிய போயிடும். உங்க அண்ணனுக்கு நெஞ்சே பழுது. கெட்ட காத்து வெளிய போக முடியாம எப்பவும் கொஞ்சம் தேங்கியிருக்கு, உடம்பு அதோட பழகிடுச்சு. அளவுக்கு மேல ஆக்சிஜன் குடுத்தா கெட்ட காத்து இன்னும் தேங்கும். தேங்கினா அது ஆளை மயக்கிடும். நீங்க பாத்தது தூக்கம் இல்ல."

"முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஓடிக்கிட்டே சொன்னேன்." கையை நீட்டினார். "அது சொன்னதுல சேராது. பேனாவைக் குடுங்க."

எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். தம்பி திருகியதும், நேரமும் இருந்தது. அதற்குக் கீழே, ஐம்பது நிமிஷம் தான் அந்தப் படுக்கைக்கு வரவில்லை என்பதும், வீட்டாருக்குச் சரியாக விளக்கவில்லை என்பதும் இருந்தது. இரண்டாம் தடவையும் படித்தேன். எங்கேயாவது வலை இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தெரிந்த எழுத்தில் எதுவும் அகப்படவில்லை.

மறுநாள் காலையில் இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். மறுபடி மூக்கில் நூல் குழாய், குண்டு ஒன்றில், எண் எண்பத்தொன்பது. அண்ணன் முழு நினைவோடு இருந்தார். முகம் கழுவி உட்காரவைத்த களைப்பில் தோள் ஏறி இறங்கியது. வார்டின் அந்தக் கோடியில் சிஸ்டர் யாருக்கோ கட்டில் தலைமாட்டை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் அண்ணன். "பத்தல."

"உதட்டைக் குவிச்சு விடுங்கண்ணே."

"நேத்து... திருகினியே. நல்லா இருந்துச்சு. திருகு."

"மாட்டேண்ணே."

"கொஞ்சம்டா. ரெண்டுல வை."

"மாட்டேன். செத்துப் போயிருப்பீங்க நேத்து."

"யாரு சொன்னா? அவங்களா?"

அண்ணன் என்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் ஒரு தடவை பார்த்தார். கிடங்கில் எடை குறைத்துப் போடுகிறவனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. முப்பது வருஷத்தில் அது என் மேல் விழுந்ததில்லை.

"ஒரே நாள்ல... அந்தப் பக்கம் போயிட்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி எழுந்து சுவர்ப் பக்கமாக ஒரு அடி வைத்தார். தண்ணீர்ச் செம்பு அங்கேதான் இருந்தது. அதற்காக எழுந்தாரோ என்னமோ. நான் நாற்காலியை இழுத்து அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"தள்ளுங்க தம்பி" என்றார்.

"என்ன வேணும் சொல்லுங்க அண்ணி, நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். நகரவில்லை.