அறைத்தோழியின் அளவு

தோள் பதினேழு, மார்பு முப்பது, இடுப்பு முப்பத்தைந்து. அறைத்தோழிக்கென்று அவள் எழுதி அனுப்பிய அளவைப் பார்த்த கையோடு அம்மா வீடியோ காலில் வந்துவிட்டாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. இருபது வருஷமாக வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைப்பவளுக்கு அந்த டேப் தாலிக்கு அடுத்தபடி. தாலியைக் கழற்றி வைக்க வேண்டி வந்த பிறகும் டேப் மட்டும் அங்கேயே கிடந்தது.

"என்னடி அளவு இது? உன் ரூம்மேட் பொண்ணா, இல்ல சட்டை மாட்டுற ஹேங்கரா?"

"அவசரத்துல எடுத்தேம்மா."

"அவளை நேரா நிக்கச் சொல்லு. கையைத் தொங்க விடச் சொல்லு. மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இல்லேன்னா அவளைக் கூப்பிடு, நானே சொல்றேன்."

"குளிச்சிட்டிருக்காம்மா."

"நான் கேக்குறப்பல்லாம் குளிச்சிட்டேதான் இருக்கா. நல்ல சுத்தக்காரி போல. நாளைக்கு ஒழுங்கா எடுத்து அனுப்பு. உன் பார்சலோட அவளுக்கும் ஒரு டாப்ஸ் வைக்கணும்."

குளியலறையில் யாரும் இல்லை. அந்த வீட்டிலேயே யாரும் இல்லை. அறைத்தோழி என்று ஒருத்தி இருந்தது உண்மை. இரண்டு மாதம் இருந்தாள். பிறகு வேறு ஊரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே படிப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது ஒரு பூச்சாடியையும் பாதி சோப்புத் தூளையும் விட்டுப் போனாள். அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்தபோது சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். அப்பா இல்லாத பெண், தனியாக எங்கேயும் கிடக்கக் கூடாது, அப்படித் தெரிந்தால் படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மறுநாளே கூட்டி வந்துவிடுவேன் என்றார். அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசினாள். துணைக்கு ஆள் இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கு போனால் அம்மாவின் முகம் போய்விடும். இவள் படிப்பும் போய்விடும்.

அதனால் அம்மாவிடம் பேசுகிற பேச்சில் அறைத்தோழி போகவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கவிட்டாள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் முழித்தாள், பரீட்சையில் கோட்டை விட்டு அழுதாள். எல்லாம் இவள் செய்ததுதான். தன் தலையில் நடந்ததை அவள் தலையில் கட்டிவிட்டு அம்மாவோடு சேர்ந்து சிரிப்பாள், பரிதாபப்படுவாள். ஒரு தடவை நான்கு நாள் காய்ச்சல். அறைத்தோழிக்குக் காய்ச்சல் என்றாள். ஐயோ பாவம், அந்தப் புள்ளைக்கு ஆவி பிடிக்க வெந்நீர் போட்டுக் குடு, தனியா விடாதே என்று அம்மா சொன்னாள். இவள் வெந்நீர் போட்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை இதுதான்: சில நாட்களில் அந்த இல்லாத பெண்ணைப் பற்றிப் பேசியது தவிர அவள் வேறு எதுவும் பேசியிருக்க மாட்டாள்.

படிப்பும் அப்படிப்பட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து வந்த மண்ணைச் சல்லடையில் சலித்து, உலர்த்தி, எடை பார்த்து எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இன்னும் மூன்று பேர் உண்டு. மூன்று பேர் காதிலும் எந்நேரமும் ஹெட்போன். தலையை ஆட்டினால் காலை வணக்கம், மறுபடி ஆட்டினால் போய் வருகிறேன். அவள் முகத்தைப் பார்த்து வாய் திறந்து பேசுபவள் ஒருத்திதான். காலையில் வாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தரை துடைத்துக் குப்பை எடுக்கும் அம்மாள். அவளும் 'இன்றைக்கும் மண்ணா?' என்று கேட்பாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்தபோது மற்ற மூவரும் இன்னும் வந்திருக்கவில்லை. இவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். தன் அளவையே கொடுத்துவிடலாம் என்றால் அது அம்மாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கற்பனை அளவின் லட்சணம் நேற்றே சந்தி சிரித்துவிட்டது. நிஜமான உடம்பு ஒன்று வேண்டும். யாருடைய உடம்பு என்று அவள் யோசிக்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

"எங்க அம்மா டெய்லர். உங்களுக்கு ஒண்ணு தைச்சு அனுப்பணும்னு சொல்றாங்க. அளவு எடுத்துக்கட்டுமா?" அந்த ஊர் மொழியில் திக்கித் திணறிச் சொன்னாள்.

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உங்க அம்மாவுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

அது அந்த அம்மாளுக்குச் சிரிப்பாக இருந்தது. மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றாள்.

தோள், முதுகு, கை நீளம், கைச்சுற்று எல்லாம் சுலபமாக முடிந்தது. மார்புச் சுற்றளவுக்கு டேப்பை முதுகுப்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி முன்னால் எடுத்து வர வேண்டும். இரண்டு கையையும் அந்த அம்மாளைச் சுற்றிப் போட்டபோது இவள் கன்னம் ஒரு நொடி அந்தத் தோளில் பட்டது. தரை துடைக்கும் திரவத்தின் வாசனை, அதற்கு அடியில் ஒரு மனுஷியின் சூடு. ஊரிலிருந்து கிளம்பிய நாளுக்குப் பிறகு அவள் யாரையும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டேப்பின் நுனி பின்னால் கைக்குச் சிக்கவில்லை. சிக்கிய பிறகும் அவள் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் டேப்புக்காகத் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

அன்றைக்கே அம்மாவுக்கு அளவு போனது. மதியச் சோற்று நேரத்தில் வீடியோ கால் வந்தது. மாடிப்படிக்கு அடியில் நின்று எடுத்தாள். ஊரில் அப்போது சாயங்காலம். மிஷின் மேல் விளக்கு எரிந்தது. அம்மா அளவைக் குறித்துக்கொண்ட காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மார்பு நாப்பத்தி நாலுன்னு போட்டிருக்கே."

"கொஞ்சம் பூசினாப்பல இருப்பாம்மா."

"வலது தோள் அரை இஞ்ச் இறக்கம்னு போட்டிருக்கே."

அளவெடுக்கும்போது கண்ணில் பட்டதை எழுதிவிடுவது அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். இவள் யோசிக்காமல் எழுதியிருந்தாள்.

"ஒரே கையில பாரம் தூக்கித் தூக்கி இறங்கின தோள்மா இது. கைச்சுத்தும் அப்படித்தான் சொல்லுது. படிக்கிற புள்ள உடம்பு இல்ல. அம்பது வயசாவது இருக்கும்." அம்மா காகிதத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு எப்பப் போச்சு?"

படிக்கட்டில் யாரோ இறங்கிப் போனார்கள். அவள் காத்திருந்தாள்.

"ஆறு மாசமாச்சும்மா."

"காய்ச்சல் யாருக்கு வந்துச்சு?"

"எனக்குத்தான்."

அம்மா கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு. உடனே கிளம்பி வா என்று அடுத்த வார்த்தை வரும், பெட்டியை எங்கே வைத்தோம் என்றுகூட மனசு தேட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் பின்னால் கதவு திறந்தது. சித்தப்பாவின் குரல்.

"யாரு அண்ணி, பாப்பாவா? எப்படி இருக்காளாம்?" அவர் மேஜையில் கிடந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். "இது யாருக்கு, இவ்ளோ பெரிய அளவு?"

இவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. துணியை உதறி மேஜையில் விரித்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"அவ கூட இருக்குற பொண்ணுக்குத்தான் தம்பி. அந்த ஊர் சாப்பாடு அதுக்கு நல்லா ஒத்துக்கிச்சாம்."

சித்தப்பா சிரித்துவிட்டு உள்ளே போனார். அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள், கட் பண்ணவில்லை. சாக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரி துணியில் இறங்கி மெல்ல நகர்ந்தது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால், முகத்தைத் தோளில் சாய்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோடு பிசகாமல் வெட்டிக்கொண்டே போனாள்.