வீட்டில் மொத்தம் மூன்று போன்

பரிசோதகர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய சந்தேகத்துக்கு மட்டும் இன்னும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பார்த்தவர். அவர் பெட்டிக்குள் காலை வைத்தால், பையில் ஒழுங்காக டிக்கெட் வைத்திருப்பவனுக்கும் குப்பென்று வியர்க்கும். கழிப்பறைக் கதவு சாத்தியிருக்கிற தினுசைப் பார்த்தே, உள்ளே இருப்பவன் நிஜமான அவசரத்தில் இருக்கிறானா, டிக்கெட் இல்லாத அவசரத்தில் இருக்கிறானா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை அரை டிக்கெட்டில் வந்த ஒரு 'குழந்தை', முந்தின நாள் மழித்த தாடையை லேசாகச் சொறிந்தது. அதை வைத்தே ஆளை அமுக்கினார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், பட்டப்பகலில், தினமும் யாரோ நெட்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடி அறையில் மகளும் மாப்பிள்ளையும் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. எங்கோ இருக்கும் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசப் பேச, இவள் காதில் வாங்கி அந்தக் கணமே அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நெட் ஒரு நிமிஷம் போனால் டாக்டர் அந்தரத்தில் பேசிக்கொண்டு நிற்பார்.

நெட் பெட்டியோ கீழே கூடத்தில். அதன் அலை மாடிக்கு ஏறவில்லை. காரணம், பரிசோதகரின் பெருமையான சுவர்கள். பீரங்கியால் சுட்டால்கூட "யாரது?" என்று கேட்கிற சுவர்கள் அவை. செல்போன் பேச வேண்டும் என்றால் ஜன்னல் கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்ட வேண்டும். சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுக்கலாமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டபோது, "முதல்ல என் நெஞ்சுல போடுங்க மாப்ளே, அப்புறம் சுவத்துல போடலாம்" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். அலட்டிக்கொள்ளாத ஆள். சுவருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய டெலிபோன் கம்பியிலேயே நெட்டை ஏற்றிவிட்டார். கூடத்து போன் சாக்கெட்டில் ஒரு சின்னப் பெட்டி, மாடி சாக்கெட்டில் அதன் ஜோடி. இரண்டிலும் ஒரு பச்சை விளக்கு.

"ஒரே கம்பிதான் மாமா. பேச்சு ஒரு தண்டவாளம், நெட் ஒரு தண்டவாளம். ரெண்டும் இடிச்சுக்காது. ஆனா வீட்டுல இருக்கற ஒவ்வொரு போனுக்கும் இந்த ஃபில்டரை மாட்டணும். இல்லேன்னா போனை எடுத்ததும் நெட் விழுந்துடும்."

கட்டைவிரல் அளவு வெள்ளைத் துண்டு அந்த ஃபில்டர். கூடம், சமையலறை, படுக்கையறை என்று மூன்று போனுக்கும் மாட்டினார். மூன்று வாரம் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்த வழவழப்புதான் பரிசோதகருக்கு உறுத்தியது. ஒரு பெட்டியில் அத்தனை பேரும் சிரித்த முகமாக டிக்கெட்டை நீட்டினால் அவர் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வாங்கிப் பார்ப்பார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மாப்பிள்ளை போன் பேசும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

கதவைச் சாத்துகிறவன்!

அன்றைக்கே பரணில் ஏறினார். பத்து எண்களுக்கும் விரலை விட்டுச் சுற்றுகிற பழைய சிவப்புப் போன் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதக் குழந்தை கனம். அதைத் தட்டுமுட்டு அறைக்குக் கொண்டுபோய், சூட்கேஸ்களுக்குப் பின்னால் எல்லோரும் மறந்துபோன ஒரு சாக்கெட்டில் செருகினார். தன் மூச்சுச் சத்தம் மறுமுனைக்குப் போகாதபடி பேசும் பக்கத்தில் ஒரு கைக்குட்டையையும் கட்டினார். ஃபில்டரைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. ஒளிந்து கேட்கிற போன், வீட்டு போன் கணக்கில் எப்படி வரும்?

முதல் நாள் சமையலறைக் கதவு சாத்தியதும் சிவப்புப் போனை எடுத்துக் காதில் வைத்தார். மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது: "ரத்தம் கசியுதா? பரவால்ல, துணி வெச்சுத் துடைச்சுட்டு அப்படியே மூடி வெச்சிருங்க. யாரும் தொடவேண்டாம். நான் வந்து பாத்துக்கறேன்."

பரிசோதகரின் இதயம் ஒரு ஸ்டேஷனில் நிற்காமல் போய்விட்டது. மகளைக் கொலைகாரனுக்கா கொடுத்தோம் என்று முழுசாக இரண்டு நிமிஷம் வியர்த்தார். "அந்த மெஷின் பழசு, குழாயை மாத்தணும்" என்று குரல் தொடர்ந்த பிறகுதான் இதயம் திரும்பி வந்தது.

அதே நேரம் மாடியிலிருந்து மகள் கத்தினாள். "அய்யோ, நெட் போச்சு!"

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். பரிசோதகர் பழைய டைரியை எடுத்து எழுத ஆரம்பித்தார். '11.10 மாப்பிள்ளை போனில். 11.10 நெட் போச்சு. 11.22 மாப்பிள்ளை போனை வைத்தார். 11.22 நெட் வந்தது.' ஐந்து நாளில் பதினாலு வழக்கு. பதினாலிலும் ஒரே குற்றவாளி. இவ்வளவு சுத்தமான சாட்சியம் தன் சர்வீஸிலேயே கிடைத்ததில்லை என்று அவருக்குப் புல்லரித்தது.

ஆறாம் நாள் காரணமும் கிடைத்தது. சிவப்புப் போனில் வீட்டுத் தரகரின் குரல். "ரெண்டு ரூம் சார். லைன் எல்லாம் பக்காவா இருக்கும்." மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க. மேலதிகாரி ஒரு மணி நேரம் கூடவே இருந்து பாப்பாராம். அன்னிக்கும் லைன் அறுந்தா வேலை போயிடும். அதைப் பாத்துட்டுச் சொல்றேன். இங்க சரிவரலேன்னா அங்க வந்துடறோம்."

பரிசோதகர் போனை வைத்தார். ஆகா, இதுவா திட்டம்! தானே நெட்டை அறுத்து, அதையே சாக்காக வைத்து, ஒரே மகளைக் கிளப்பிக்கொண்டு போவதா! நாலு மாதமாகத்தான் அந்த வீட்டு மாடிப்படியில் ஓடி இறங்குகிற சத்தம் கேட்கிறது. காலையில் யாராவது "அப்பா, என் பேனா எங்க?" என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற ஆளும் அவர் இல்லை.

மாப்பிள்ளை என்னவோ உருகி உருகிப் பழுது தேடினார். பெட்டிகளை இடம் மாற்றினார், ஒயர்களை மாற்றினார், மூன்று போனையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டிப் பார்த்தார். அவர் தேடும்போதெல்லாம் விளக்கு பச்சைப் பசேலென்று எரிந்தது. பரிசோதகர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை போன் மாமா?"

"மூணு," என்றார் கண்ணை இமைக்காமல்.

"வேற எங்கயாவது பழைய சாக்கெட்?"

"ஏன் கேக்கறீங்க மாப்ளே?"

"சும்மாதான் மாமா."

சும்மாவாம். இருபது பெட்டி ரயிலில் 'சும்மா நின்னுட்டிருக்கேன் சார்' என்று சொன்ன எத்தனை பேரைப் பார்த்தவர் அவர்!

புதன்கிழமை காலை. சமையலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பரிசோதகர் பூனை மாதிரி தட்டுமுட்டு அறைக்குள் நழுவி, சூட்கேஸ் மேல் உட்கார்ந்து, சிவப்புப் போனை எடுத்தார்.

பேசியது மாப்பிள்ளை இல்லை, பரிசோதகரின் மனைவி. மறுமுனையில் அவளுடைய அக்கா.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மனைவி இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். லைனில் இன்னொரு போனை யாராவது எடுத்தால் குரல் ஒரு நூல் கம்மும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அந்தக் காதுக்கு அது இடி முழக்கம்.

"அக்கா, ஒரு நிமிஷம் இரு," என்றாள். "லைன்ல மூணாவது ஆள் ஒருத்தர் உக்காந்திருக்கார்."

"அய்யய்யோ, யாருடி?"

"தெரியல. ஆனா அந்த ஆள் காலையில மாத்திரை போடலை. மாத்திரை அட்டை அப்படியே மேஜையில இருக்கு. போய்ப் போட்டுக்கச் சொல்லு."

பரிசோதகர் உறைந்துபோனார். அந்த நொடியே மாடியிலிருந்து, "அப்பா! நெட் மறுபடியும் போச்சுப்பா!"

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்று அறைக்குள்ளிருந்தே கத்தினார்.

"அவர் எட்டு மணிக்கே லேபுக்குப் போயிட்டாரே!" என்றாள் மகள்.

குற்றவாளி வீட்டிலேயே இல்லை. குற்றம் மட்டும் நடந்திருக்கிறது. பரிசோதகர் கையிலிருந்த சிவப்புப் போனைப் பார்த்தார். அதில் கட்டிய கைக்குட்டை அவரைப் பார்த்தது. மெதுவாகப் போனை வைத்தார்.

"வந்துருச்சுப்பா!"

எடுத்தார்.

"போச்சு!"

வைத்தார். "வந்துருச்சு!" எடுத்தார். "அப்பா, நீங்க அங்க என்னதான் பண்றீங்க? அதைப் பண்ணாதீங்க!"

டைரியைப் புரட்டினார். பதினெட்டு வழக்கிலும் லைனில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். எழுதியவர் ஒருத்தரை மட்டும்தான் எழுதியிருக்கிறார்.

அறை வாசலில் மனைவி நின்றாள். கையில் தண்ணீரும் மாத்திரையும்.

"எத்தனை நாளா?"

"ஒன்பது."

"மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நாளைக்கு... அந்தப் பரீட்சை முடியட்டும்."

"முடியட்டும். ஆனா அதுவரைக்கும் இந்தச் சனியனைத் தொட்டீங்கன்னா, உங்க மூச்சை நானே அறுத்துடுவேன்," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சிவப்புப் போனை அப்போதே பிடுங்கியிருக்கலாம். அவருக்குக் கை வரவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, மாடிக் கதவு சாத்தியது. மகளின் விசைப்பலகைச் சத்தம் மழைத்தூறல் மாதிரி இறங்கியது. பதினொன்று பதினைந்துக்கு டெலிபோன் மணி ஒருமுறை அடித்தது. மாப்பிள்ளை பாய்ந்து சமையலறையில் எடுத்தார். "ஆமா, தரகர் சார், சொல்லுங்க," என்ற குரல் கேட்டது. கதவு சாத்தியது.

பரிசோதகர் தட்டுமுட்டு அறையில் சூட்கேஸ் மேல் இருந்தார். எப்படி அங்கே வந்தார் என்று அவருக்கே தெரியாது. கால்கள் பழக்கத்தில் கூட்டிவந்துவிட்டன. எதிரே சிவப்புப் போன். மகள் இருப்பாளா, போவாளா என்ற பேச்சு இந்தக் கணம் இந்தக் கம்பியில்தான், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்தால் தெரிந்துவிடும். எடுத்தால் மாடியில் மழை நின்றுவிடும்.

வலது கை தானாக நீண்டது. இடது கை அதைப் பிடித்து இழுத்தது. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது கை என்று ஒன்று இருந்திருந்தால் வீடே கெட்டிருக்கும். மூக்கு அரித்தது, சொறியவில்லை. ஒரு கொசு வந்து காதில் பாட்டுக் கச்சேரி நடத்தியது, அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருத்தர் டிக்கெட்டைக் கேட்காமல் ஒரு பெட்டியைக் கடந்துபோவது எப்படி இருக்கும் என்று பரிசோதகருக்குத் தெரிந்தது. பல்வலி மாதிரி இருந்தது.

சமையலறையில் போன் வைக்கிற சத்தம் கேட்டது. பேச்சு முடிந்துவிட்டது. என்ன பேசினார்களோ, போய்விட்டது. அவர் எழுந்து, செருகியைப் பிடுங்கி, போனைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு மகள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தாள்.

"லைன் அறுபடவே இல்லப்பா! ஒரு செகண்ட்கூட! வேலை நிரந்தரம்னு மேலதிகாரியே சொல்லிட்டார்!" என்றவள் மேஜையைப் பார்த்தாள். "இது என்ன?"

மாப்பிள்ளையும் வந்து பார்த்தார். கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நாலாவது போன் மாப்ளே," என்றார் பரிசோதகர். "ஃபில்டர் இல்லாம ஓடிட்டிருந்தது. டிக்கெட் இல்லாத ஆசாமி. பிடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"எங்க இருந்தது?"

"எங்கிட்டதான்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, என் வேலைப்பா! ஒன்பது நாள் நான் மாடியில அழுதேன் தெரியுமா?"

மாப்பிள்ளை மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். "அப்ப, அந்த ரத்தம் கசியுதுன்னு நான் பேசினது..."

"கேட்டேன். ரெண்டு நிமிஷம் உங்களைக் கொலைகாரன்னு நினைச்சேன்."

மாப்பிள்ளையின் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று, மனித முகங்களை முப்பத்து நாலு வருஷம் படித்தவருக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு வெள்ளை ஃபில்டரை எடுத்துச் சிவப்புப் போனில் மாட்டினார். போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

தரகரிடம் என்ன சொன்னார் என்று பரிசோதகர் கேட்கவில்லை. கேட்கிற தகுதி போய்விட்டது என்று அவருக்கே தோன்றியது. மனைவிதான் சாயங்காலம் சொன்னாள். "அந்த வீட்டை ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காராம். அதுக்குள்ள யோசிக்கறாங்களாம்."

வெள்ளிக்கிழமை பரிசோதகர் கூடத்து போனில் தன் பழைய சிநேகிதரான ரயில் கார்டிடம் பேசிக்கொண்டிருந்தார். நெட் பழுதைத் தானே தனியாளாகக் கண்டுபிடித்த கதை. கதையில் பதினெட்டு வழக்கு நாற்பதாகிவிட்டது, சிவப்புப் போன் எங்கிருந்து வந்தது என்கிற பகுதி மட்டும் புகையாக இருந்தது. திடீரென்று குரல் ஒரு நூல் கம்மியது. அவருக்கு எக்ஸ்சேஞ்ச் காது கிடையாது. ஆனால் சந்தேகம் இருக்கிறதே, அது எல்லாக் காதுக்கும் மேல். லைனில் யாரோ கைக்குட்டைக்குப் பின்னால் மூச்சு விட்டார்கள்.

பரிசோதகர் கதையைப் பாதியில் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன கார்டு சார், நான் என்ன சொல்றேன்னா," என்று சத்தமாக ஆரம்பித்தார், "சுவர் என்ன பெரிய சுவர்? ஒரு ஓட்டை போட்டா வீடு என்ன விழுந்தா போயிடும்? ஞாயித்துக்கிழமை வேற எங்கயும் போறதுக்குப் பதிலா, ஒரு டிரில்லிங் மெஷினைக் கொண்டாந்து வேணுங்கற இடத்துல போட்டுக்கலாம். நான் நாற்காலி போட்டு உக்காந்து பாக்கமாட்டேன். சத்தியம்."

"யார்கிட்ட ஐயா சொல்றீங்க?" என்றார் கார்டு குழம்பி.

பிறகு மாடியில் 'டக்'கென்று ஒரு கனமான போன் வைக்கும் சத்தம். படியில் தடதடவென்று இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள், கையில் பென்சிலோடு, "எந்தச் சுவர்?"