நஞ்சுக்கொடியில் மட்டும்

கல்யாணமாகி வருடக்கணக்காகக் காத்திருந்து, தம்பி மனைவி வயிற்றில் தங்கிய கரு அது. வீடே அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. அக்காவுக்கு மட்டும் உள்ளூரப் பயம். கருவிலிருக்கும் பிள்ளைகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் ஆய்வகத்தில்தான் அவளுக்கு வேலை.

நஞ்சுக்கொடியில் துளி சதை எடுத்துச் செய்த முதல் சோதனையிலேயே அந்தப் பயம் பலித்துவிட்டது. சில செல்கள் சரியாக இருந்தன. சிலவற்றில் ஒரு குரோமோசோம் கூடுதல்.

“பாதி நல்லா இருக்கு, பாதி இல்லைன்னா? என்னக்கா கணக்கு இது?” என்று தம்பி கத்தினான்.

“கத்தாதடா. கோளாறு நஞ்சுக்கொடியோட நின்னிருக்கலாம். குழந்தையோட செல்லு பனிக்குடத் தண்ணியில மிதக்கும். அதை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

சொந்தக்காரர்களின் சோதனையை அவள் செய்யக்கூடாது. கூட வேலை பார்க்கும் தோழிதான் செய்தாள். முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். செல் செல்லாக நகர்த்திப் பார்த்தாள். எதிலும் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

“டேய், பிள்ளை தங்கம்டா!” என்றாள் போனில். அந்தப் பக்கம் தம்பி விசித்து விசித்து அழுதான். அன்றைக்கே போய்த் தொட்டில் வாங்கி வந்துவிட்டான்.

கோளாறுள்ள நஞ்சுக்கொடி பிள்ளையைச் சரியாக வளர்க்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அக்கா கூடவே போனாள். முதலில் எடை ஏறியது. பிறகு ஏறுவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

“வெளிய எடுத்தா பிழைக்கிற அளவுக்கு வளரல. உள்ள போதுமான சத்தும் போகல,” என்றார் டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை.

வலி வரவைத்துப் பெற்றெடுத்தார்கள். பெண் பிள்ளை. செவிலி துணியில் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்தாள். தாய் குழந்தையின் கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்கதான் உங்க கண்ணால பார்த்தீங்களே. இவகிட்ட என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லம்மா.”

“அப்புறம் ஏன் அண்ணி?”

நஞ்சுக்கொடி, சத்து, ரத்த ஓட்டம் என்று எல்லா பதிலும் அக்காவுக்குத் தெரியும். தம்பி மனைவியின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே நின்றாள்.

வாசலிலேயே நின்றிருந்த தம்பி ஒருவழியாக உள்ளே வந்தான். குழந்தையை வாங்கிப் பார்த்தான்.

“உன் மூக்குடி,” என்றான் மனைவியிடம்.

“இல்ல, உங்களோடது,” என்றாள் அவள். சிரிக்கப் போய் உதடு கோணிக்கொண்டது.

கொஞ்ச நேரம் மூவரும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியை இழுத்துக் குழந்தையின் காதுவரை மூடினான் தம்பி.

“அக்கா, அந்த ஃபேனை நிறுத்து. குளிரப்போகுது.”

அக்கா போய் ஃபேனை நிறுத்தினாள்.