வேட்டித் திரையில் பூமி

...ஒன்றும் ஆகாது, ஒன்றுமே ஆகாது, சனி எங்கே கிடக்கிறது, பூமி எங்கே கிடக்கிறது, நடுவில் எத்தனை கோடி மைல், அங்கிருந்துகொண்டு அது காஞ்சிபுரத்தில் ஒருத்தியின் வயிற்றுக்குள் கையை விடுமா என்ன, என்று சொல்லிக்கொண்டே வடிவு கடைசி ஜன்னலிலும் கம்பளியைச் சொருகினாள். வகுப்பறை இருண்டது. இருண்டதும் அடிவயிற்றில் ஏதோ இழுத்த மாதிரி இருந்தது... இழுத்ததா, நினைப்புத்தானா? காலையில் மாமியார் காமாட்சியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. “நாளைக்கு எட்டு கிரகமும் ஒரே ராசியில சேருதாம், ஒலகமே அழிஞ்சிடும்ங்கறாங்க, ஊரே கோயில்ல கெடக்குது, வயித்துல புள்ளைய வச்சுக்கினு நீ எங்கம்மா கெளம்பிட்ட?” “நான் சயின்ஸ் டீச்சர் அத்தை, நானே லீவு போட்டா சிரிப்பாங்க.” சிரிப்பார்கள் என்பதற்காகத்தான் வந்தாளா? முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. அப்போது எந்தக் கிரகம் எதோடு சேர்ந்தது? ஒன்றும் சேரவில்லை, சும்மாவே கரைந்து போயிற்று, சும்மா இருந்தபோதே அப்படி என்றால் இப்போது... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே.

வரும் வழியெல்லாம் தெரு செத்துக் கிடந்தது, ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை, கடைகள் பாதிக்கு மேல் பூட்டியிருந்தன, கோயில் பக்கமிருந்து ஹோமப் புகையும் மந்திரமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. வகுப்பிலும் பாதிப் பெண்களைக் காணோம். வந்தவர்களும் ஒருத்தியை ஒருத்தி ஒட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிய சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படம் காட்டுகிற யோசனையே வடிவுடையதுதான். கிரகங்களைப் பற்றிய சின்னப் படம், பத்து நிமிஷம்கூட ஓடாது, கண்ணால் பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயம் தெளிந்துவிடும் என்று தலைமையாசிரியையிடம் எவ்வளவு தைரியமாகப் பேசினாள்... கல்வி அலுவலகத்திலிருந்து மிஷினோடு வந்திருந்த தாவீது ஃபிலிம் சுருளை மாட்டிக்கொண்டே கேட்டார். “போடலாமா டீச்சர்? படம் இங்கிலீஷ்ல பேசும், நீங்கதான் தமிழ்ல சொல்லணும்.” போடுங்க அண்ணே என்றாள். குரல் நடுங்கவில்லை. குரலுக்கு என்ன, பழகிய குரல், அது பாட்டுக்கு வரும்.

மிஷின் கடகடவென்று ஓட, வேட்டியில் சூரியன் எழுந்தது. “பாருங்க, இது புதன், இது வெள்ளி, இதோ இந்த நீலமா இருக்குதே, இதுதான் நாம.” பெண்கள் வாய் பிளந்தார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே பயம் கொஞ்சம் இறங்கியது, எல்லாம் அதனதன் பாதையில் எவ்வளவு ஒழுங்காகப் போகின்றன, ஒன்றை ஒன்று தொடுவதில்லை, தொட வேண்டிய அவசியமும் இல்லை... அப்போதுதான் படத்தில் கிரகங்கள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் வரத் தொடங்கின. முன்வரிசையிலிருந்து பெரியநாயகி கேட்டாள், “டீச்சர், நாளைக்கு நடக்கப் போறது இதுதானா?” “இதுதான், நம்ம கண்ணுக்குத்தான் ஒண்ணா சேர்ந்த மாதிரி தெரியும், நெஜத்துல ஒண்ணுக்கொண்ணு ரொம்ப...” தூரம் என்று சொல்லி முடிப்பதற்குள் படம் அசையாமல் நின்றது. நீலப் பூமியின் நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்தது, பொட்டு கொப்பளித்தது, விரிந்தது, பூமி ஓரமெல்லாம் சுருண்டு கருகி உள்ளிருந்து ஓட்டையாகித் திறந்துகொண்டது. யாரோ ஒருத்தி வீறிட்டாள். அப்புறம் எல்லோரும்.

அதற்கப்புறம் என்ன செய்தாள் என்று யோசித்தால், கதவின் தாழ்ப்பாள் கையில் இருந்ததுதான் தெரிகிறது. எப்படி வந்தாள்? சுவரோரம் நின்றிருந்தவள், நடுவில் இத்தனை பெண்கள், இத்தனை முழங்கால்கள், எல்லாவற்றையும் தாண்டி, ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு... தாழ்ப்பாள் விலகியது, வெளிச்சம் கொட்டியது, ஓடிவந்த பெண்கள் கண் கூசி அப்படியே நின்றார்கள். தாவீது மிஷின் விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். “ஃபிலிம் சிக்கிக்கிச்சுமா, பல்பு சூட்டுல பொசுங்கிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல, வெட்டி ஒட்டிடலாம்.” பெரியநாயகி அழுகைக்கு நடுவே மற்றவர்களை அதட்டினாள். “ஏண்டி கத்துறீங்க? நமக்கு வெளிச்சம் வரட்டும்னு டீச்சர் மொதல்ல போயி கதவத் தொறந்தாங்க, பாத்தீங்கல்ல?” அதற்காக இல்லை என்று வடிவு சொல்ல வேண்டாமா? எல்லோரும் போய் உட்காருங்க என்றாள்.

கதவு மறுபடி மூடியது, மிஷின் ஓடியது, பூமி முழுசாகச் சுற்றியது. வயிறு அமைதியாக இருந்தது. ஆனால் இப்போதுதான், மெதுவாக, வேறொன்று நினைவில் ஏறியது. இருட்டில் ஓடும்போது ஒரு கை அவள் முந்தானையைப் பிடித்தது. சின்னக் கை, ஈரமாக இருந்தது, ‘டீச்சர்’ என்றுகூடக் கூப்பிட்டதோ? அவள் நிற்கவில்லை. வெடுக்கென்று முந்தானையை உருவிக்கொண்டு போனாள். அறை முழுக்கப் பிள்ளைகள், ஓடிய காலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிள்ளைதான், இன்னும் பிறக்காத ஒன்று... தாயாகிறது என்றால் இதுதானா, இவ்வளவுதானா? நாளைக்கு நிஜமாகவே கூரை இறங்கினாலும் இப்படித்தான் உருவிக்கொண்டு போவாளா? யாருடைய கை அது? பெரியநாயகி இல்லை, அவள் முன்னால் இருந்தாள். சுவரோரம் இருந்தது யார்? “டீச்சர், சொல்லுங்க டீச்சர்,” என்றது ஒரு குரல். வேட்டியின் வெளிச்சத்தில் முகங்கள் ஒவ்வொன்றாக நம்பிக்கையோடு அவள் பக்கம் திரும்பின. ஒரே ஒரு முகம் திரும்பவில்லை... இல்லை, திரும்பியதோ, இருட்டில் சரியாகத் தெரியவில்லை.