தனிப் படிக்கட்டு

அரபியில் கித்தாம் என்றால் முடிவு என்று அர்த்தம். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது அப்பா அபூ ஸுஹைப் அந்தப் பெயரை வைத்தார், நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பதைப் போல. ஸுஹைப் என்று ஒரு பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. இருந்தாலும் ஸர்க்கா நகரில் அந்தத் தெருவே அவரை ஸுஹைபின் அப்பா என்றுதான் கூப்பிட்டது. மகனுக்கான பெயரைக் கல்யாணமான கையோடு ஊருக்கு அறிவித்துவிட்டுக் காத்திருந்த மனிதர் அவர். கித்தாமுக்கு அடுத்ததாக மகன் வந்து சேர்ந்தான். பெயர் பலித்துவிட்டது என்று கித்தாமைத் தூக்கி வைத்துக் கொஞ்சினார்களாம். அவளால் அந்த வீட்டுக்கு நடந்த முதல் நல்ல காரியம் அதுதான்.

மாலைக் கல்லூரியிலும் பெயர் அவளை விடவில்லை. மேலாண்மைப் பட்டம், அதில் புராஜெக்ட் நடத்துவது சிறப்புப் பாடம். ஒரு புராஜெக்டின் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் என்ன என்று டாக்டர் ஹாஸிம் கேட்டால் போதும், வகுப்பே அவள் பக்கம் திரும்பி "கித்தாம்" என்று சொல்லும். அவளை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பிள்ளைகள். கட்டியவன் விட்டுவிட்டுப் போய், பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி, பகலில் அம்மானில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் கோப்பு அடுக்கி, சாயங்காலம் பஸ் பிடித்து வகுப்புக்கு வருகிறவளின் வயிற்றெரிச்சல் அதுகளுக்கு எங்கே தெரியப்போகிறது. அவளும் சிரித்து வைப்பாள்.

வீட்டில் அவள் படுக்கை அம்மாவின் அறையில், மாவு மூட்டைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில். படிப்பது சமையல்கட்டு மேஜையில். யாராவது விருந்தாளி வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார வேண்டும்.

கடைசிப் பருவத்தில் ஒரு நிஜமான வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நடத்திக் காட்ட வேண்டும், அதைப் பற்றிச் சபையில் பேச வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். கித்தாம் வேறெங்கும் தேடவில்லை. தலைக்கு மேலேயே இருந்தது. ஸர்க்காவில் எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் தூண்களிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மகனுக்குக் கல்யாணமாகி மேலே கட்டுவதற்காக விட்ட கம்பிகள். மகளுக்கென்று யாரும் கம்பி விடுவதில்லை. தோஹாவில் வேலை பார்க்கும் ஸுஹைப், இந்தக் கோடையில் மாடி எழும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்பா, காண்ட்ராக்டர் வேணாம். நானே நடத்தறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றாள்.

"கேளும்மா."

"மேல பின்பக்கம் ஒரு ரூம். டீ வைக்க ஒரு மூலை. வெளியிலேர்ந்து தனியா ஒரு படிக்கட்டு. நாளைக்கு ஸுஹைப் குடும்பத்தோட வந்து இறங்கினா நான் யார் கதவையும் தட்டிட்டு நிக்கக்கூடாது."

அபூ ஸுஹைப் இரண்டு விரலால் மீசையைப் பிடித்தார். "இந்த மீசை மேல ஆணை. பின்பக்கம் உனக்குத்தான்."

அந்த ஊரில் ஒரு ஆண் மீசையைத் தொட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சண்டைகளே அதோடு நின்றிருக்கின்றன. ஒரு முழ நிலத்தைக்கூடப் பத்திரத்தில் எழுதிக்கொள்கிற ஊர், மீசையை மட்டும் ஏன் எழுதி வாங்குவதில்லை என்று கித்தாமுக்கு அப்போது தோன்றவில்லை. படித்த முட்டாள் என்று பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வேலை தொடங்கிய அன்று குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, தோஹாவிலிருந்து தம்பியையும் போனில் வரவழைத்து, சட்டம் சொன்னாள். யாருக்கு எதை மாற்ற வேண்டுமென்றாலும் அவளிடம்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் நேராகப் பேசக்கூடாது. செலவு எவ்வளவு கூடும், நாள் எவ்வளவு தள்ளும் என்று அவள் பார்த்துச் சொல்வாள். கடைசியில் அப்பா சரி என்றால் சரி.

"என் வீட்டு ஜன்னலுக்கு நான் மனுப் போடணுமா?" என்றாள் அம்மா.

"எனக்குப் புடிச்சிருக்கா புடிக்கலையான்னு பாக்கறது மேனேஜர் வேலை இல்லம்மா. செலவும் நாளும்தான். நீ கேட்டாலும் அதேதான், நான் கேட்டாலும் அதேதான்."

"பெத்தவளையே வரிசையில நிக்க வைக்கறே. நீ நல்லா வருவடி."

ஆனால் அம்மா வரிசையில் நின்றாள். ஜன்னலும் மாறியது. எகிப்திலிருந்து வந்திருந்த மேஸ்திரி ரிஃபாஅத், ஆரம்பத்தில் பெண்பிள்ளை சொல்லி நான் கேட்பதா என்று முறுக்கிக்கொண்டவர், ஒரு வாரத்தில் "இன்ஜினியரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். சிமெண்ட் வண்டி அவளைக் கேட்டு வந்தது, தண்ணீர் லாரி அவளைக் கேட்டுப் போனது. தூசி பறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்த வந்தால்கூட அபூ ஸுஹைபைத் தேடாமல் அவளைத்தான் தேடினார். திட்டு வாங்குவதில்கூட ஒரு சுகம் இருந்தது. அவ்வளவு காலம் அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.

டாக்டர் ஹாஸிம் மட்டும் அவளுடைய வேலை அட்டவணையைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மன்ஸஃப் சமைக்கறதையும் இதுல போட்டிருக்கீங்க. அது தாமதமானா மொத்த வேலையும் தாமதமாகும்னு வேற குறிச்சிருக்கீங்க. ஆட்டுக்கறிச் சோத்துக்கும் கட்டடத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சார், மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடற அன்னிக்கு வீட்டுக்காரன் மன்ஸஃப் போடலேன்னா மறுநாள் ஒருத்தனும் வரமாட்டான். தளத்துக்குத் தண்ணி விட ஆளிருக்காது. வெடிச்சுரும்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் யோசித்தார். "லண்டன்ல இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது கித்தாம் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நன்றாக இருப்பதாகவே பட்டது.

தூண்கள் எழும்பி, தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தபோது தோஹாவிலிருந்து போன் வந்தது. திரையில் ஸுஹைப், அவன் தோளில் சாய்ந்தபடி அவன் மனைவி ரனீம்.

"அக்கா, ஒரு மாத்தம் கேக்கணும். முறைப்படி உன்கிட்டதான் வந்திருக்கேன், பாத்துக்கோ. அப்புறம் மேஸ்திரிகிட்ட நேராப் போயிட்டேன்னு திட்டக்கூடாது."

"சொல்லுடா."

"பின்பக்க ரூம் வேணாம். விருந்து ஹாலை அது வரைக்கும் இழுத்துரலாம். ரனீம் வீட்டு ஜனம் உனக்குத் தெரியும்ல, நாலு தட்டு வச்சா சம்மணம் போட இடமில்ல. வெளிப் படிக்கட்டும் எதுக்கு? திருடன் ஏறவா?"

"அது என் ரூம்டா."

"உன் ரூமா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நீதான் கீழ அம்மாவோட இருக்கியே. நீ மேல தனியா இருந்தா பாக்கறவன் என்ன சொல்லுவான்?" பிறகு சிரித்தான். "அக்கா, புடிச்சிருக்கா புடிக்கலையான்னு பாக்கறது மேனேஜர் வேலை இல்லன்னு நீதானே சொன்னே. செலவையும் நாளையும் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். அதுதான் கொடுமை. போனை வைத்த கையோடு அவள் மனசு தானாகவே கணக்குப் போட்டது. சுவர் மிச்சம், படிக்கட்டு மிச்சம், நாளும் மிச்சம். அவளை எடுத்துவிட்டால் எல்லாமே லாபமாகத்தான் இருந்தது.

அபூ ஸுஹைப் முற்றத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஸுஹைப் பின்பக்கத்தை எடுக்கச் சொல்றான்ப்பா."

"எங்கிட்டயும் சொன்னான். சரின்னுட்டேன். நாள் எதுவும் தள்ளாதே?"

"தள்ளாது. குறையும்." ஒரு எட்டு நகர்ந்து டிவியை மறைத்தாள். "நீங்க மீசை மேல கை வச்சுச் சொன்னீங்க."

"சொன்னேம்மா. இப்ப உன்னை வெளியவா நிக்கச் சொன்னேன்? கீழ முழு வீடும் இருக்கு."

"இது உங்க வீடு. உங்களுக்கப்புறம் அவன் வீடு. அக்காங்க மூணு பேரும் அவங்க பங்கை அவனுக்கே விட்டுத் தரோம்னு இப்பவே சொல்லிட்டாங்க. நானும் அப்படித்தான் சொல்லணும்னு எதிர்பார்ப்பீங்க. அப்ப நான் எங்க போறது?"

"ஏம்மா என் சாவைப் பத்திப் பேசறே?" ஒரு வெள்ளரித் துண்டில் உப்பைத் தொட்டு அவளிடம் நீட்டினார். "சாப்பிடு. செய்தி முடியட்டும்."

அவள் வாங்கித் தின்றாள். செய்தி முடிந்து வேறு செய்தி வந்தது.

காங்கிரீட் போடும் அன்று காலை, பம்ப் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றபோது ரிஃபாஅத் அவளை மேலே கூப்பிட்டார். வெளிப் படிக்கட்டுக்காக, கொல்லைப் பக்கம் நீண்டிருந்த தளத்தின் ஓரத்தில் விட்ட திறப்பு இன்னும் அப்படியே இருந்தது. மாற்றத்தை அவள் சொல்லியிருந்தாள். அவர்தான் வேண்டுமென்றே பலகை அடிக்காமல் வைத்திருந்தார்.

"அடைச்சுரவா, விட்டுரவா? காங்கிரீட் விழுந்தா அப்புறம் உடைச்சுத்தான் திறக்கணும். நீங்க விடச் சொன்னா விட்டுடறேன் இன்ஜினியரம்மா. கேட்டா நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன்."

ஒரு வார்த்தை போதும். கித்தாம் அந்தத் திறப்பின் வழியாகக் கீழே பார்த்தாள். கொல்லைப்புறமும் கொடியில் அம்மாவின் துணிகளும் தெரிந்தன. விடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சட்டம் போட்டவள் அவள். பெற்ற தாயை வரிசையில் நிறுத்திவிட்டுத் தனக்கென்று வரும்போது மேஸ்திரியைப் பொய் சொல்ல வைத்தால், இந்தக் கோடை முழுக்க அவள் யாராக நடமாடினாளோ அது வெறும் வேஷம் என்றாகிவிடும். அவளுக்கென்று இருந்ததே இன்ஜினியரம்மா என்கிற அந்தப் பெயர் ஒன்றுதான். ரோஷம் பொல்லாதது, சொந்தக் கழுத்தையே பிடிக்கும்.

"அடைச்சுருங்க" என்றாள்.

மத்தியானம் முற்றத்தில் மன்ஸஃப் தட்டுகளைச் சுற்றி ஆண்கள் கூடி நின்று தின்றார்கள். அபூ ஸுஹைப் ஒவ்வொருவரிடமும், "எல்லாம் என் மகதான். ஒரு நாள் பிந்தலை, ஒரு மூட்டை வீணாகலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்களின் தங்கச்சி என்று ஒன்றுவிட்ட பெரியப்பா அவளைப் புகழ்ந்தார். அங்கே ஒரு பெண்ணுக்குத் தருகிற பெரிய பட்டம் அது. அந்தத் தங்கச்சி உள்ளே அடுப்படியில் நின்று, மிஞ்சிய எலும்பில் ஒட்டியிருந்த கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் பேச வேண்டிய நாளில் குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அபூ ஸுஹைப் கோட்டுப் போட்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துண்டை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கித்தாம் தடுமாறாமல் பேசினாள். மன்ஸஃப் வந்த இடத்தில் சபை கைதட்டியது. கடைசியில் டாக்டர் ஹாஸிம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதுல சம்பந்தப்பட்டவங்க எல்லாருக்கும் அவங்கவங்க எதிர்பார்த்தது கிடைச்சுதா?"

ஆமாம் என்றுதான் எழுதி வைத்திருந்தாள். வாய் வேறு சொன்னது. "ஒருத்தருக்குக் கிடைக்கலை சார்."

"யாருக்கு?"

"பின்பக்கத்துல குடியிருக்க வேண்டியவங்களுக்கு. வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. மேனேஜர் அதை எழுதி வாங்கலை."

"இவ்வளவு கவனமான மேனேஜர் அதை ஏன் எழுதி வாங்கலை?"

"வாக்குக் குடுத்தவர் மேனேஜரோட அப்பா சார்."

சபை வாய்விட்டுச் சிரித்தது. டாக்டர் ஹாஸிமும் சிரித்தார். "நல்ல பாடம். இதை அறிக்கையில தடித்த எழுத்துல போடுங்க" என்றார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அபூ ஸுஹைப் சிரிக்கவில்லை. தலைத்துண்டின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பழைய காரை அவரே ஓட்டினார். வழியில் ருஸைஃபா ஊரும் தாண்டியது.

"வீட்டுல சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "அத்தனை பேர் முன்னாடி."

"வீட்டுலதான்ப்பா சொன்னேன்."

"சொன்னே. மேனேஜராப் பேசறேன்னு நெனச்சேன்."

"உங்க மகளாத்தான் பேசினேன். மகளாத்தான் கேட்டேன்."

அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. ஏதோ இவ்வளவு நாளாக அவளுக்குப் புரியாமல் போன ஒன்றை விளக்குகிறவரைப் போல, அன்பாகத்தான் சொன்னார்.

"மகளாக் கேட்டா, மகன் இருக்கும்போது நான் எப்படிம்மா குடுக்க முடியும்?"