பொட்டு வைத்த வைஸ்

முத்துலிங்கம் பொய் பேசத் தெரியாத மனுஷன் என்பது பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. தெரிய வைத்தவள் அவருடைய மனைவி அம்மாக்கண்ணு. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பேச்சு வந்தால் போதும். "எங்க வீட்டுக்காரரு மாதிரி வருமா? பெரியதொர கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லுவாரு" என்று ஆரம்பித்துவிடுவாள். அது காதில் விழும்போதெல்லாம் முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொள்வார். பாவம், எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று ஊர் அதற்கும் சேர்த்து அவரை மெச்சியது.

இருபத்தாறு வருஷம் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெக்டரியை மூடி, கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி வேலை செய்து முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை அடித்து ஒரு பட்டறை எழுப்பினார். கருங்காலி மாதிரிக் கனத்த பழைய பலகைகளால் ஒரு மேசையும் செய்தார். இனிமேல் வேலை தன்னைத் தேடி வரட்டும் என்பது அவர் எண்ணம்.

வேலை தேடியும் வந்தது. கவ்வாத்து தொடங்கப் போகிறது. தேயிலைச் செடியை இடுப்பு மட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்குகிற வேலைக்குக் கத்தி முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியால் வெட்டினால் கிளைவாது பிளந்து செடி செத்துப்போகும். மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு திலக்ஷன் அறுபது கத்திகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

"திங்கக்கெழம காலையில பாப்பேன்ணே. நல்லா இருந்தா இந்த டிவிசன் கத்தி, கத்தரி எல்லாம் இனி உங்ககிட்டதான். இல்லாட்டி பழையபடி டவுனுக்கே அனுப்பிருவேன்."

முத்துலிங்கத்துக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் கை மட்டும் போதுமா? கத்தியை ஆடாமல் அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் வேண்டும். பக்கத்து வீட்டு மாயாண்டியிடம் இரவல் வாங்கின சின்ன வைஸில் முதல் கத்தியைப் பூட்டி அரத்தை வைத்தார். கத்தி அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டது. இன்னும் இறுக்கினார், மேசையை விட்டு வைஸே கழன்று வந்தது. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் புருஷனும் பெண்சாதியுமாக ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

அம்மாக்கண்ணு எதற்குப் போனாள் என்றால், கடைக்காரன் இரண்டு வார்த்தை இனிக்கப் பேசினால் முத்துலிங்கம் கெட்ட சாமானையும் நல்லது என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம் அவளுக்கு. கொழுந்து பறித்துச் சம்பளத்துக்குப் பேர் போடும் நாளில் லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கடை குகநேசனுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் பதினைந்து வருஷமாக இரும்புச் சாமான் விற்கிறவர். முன்பக்கம் புதுச் சாமான், பின்பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய சாமான்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா. வைஸோ? இதைப் பாருங்கோ, புதுசு. எந்தப் பக்கமும் திருப்பலாம்."

நீல நிறத்தில் மணப்பெண் மாதிரி மினுங்கியது அது. முத்துலிங்கம் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே, இடது ஓரத்தில் ஒரு துண்டு, வலது ஓரத்தில் ஒரு துண்டு வைத்துப் பிடியைச் சுற்றி இறுக்கினார். இடது துண்டை இழுத்தார், வரவில்லை. வலது துண்டை இழுத்தார், வெண்ணெயில் முடி மாதிரி வந்துவிட்டது.

"வாய் கோணலா இருக்கு" என்றார்.

"ஒரு கடதாசி வந்தா என்னங்க, கத்தி தடிப்புத்தானே?" என்றாள் அம்மாக்கண்ணு.

"கடதாசிய விடுறது கத்தியையும் விடும் புள்ள. ஒரு பக்கம் மட்டும் புடிச்சா அரத்த வச்சதும் கத்தி சுத்தும்."

இரண்டாவது வைஸின் முன்தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். விழப்போகிற பல் மாதிரி லொடலொடத்தது. அதையும் ஒதுக்கினார். குகநேசன் கோபித்துக்கொள்ளவில்லை. சாமான் தெரிந்த ஆள் வந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். "அப்பிடியெண்டால் பின்னுக்கு வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே மூலையில், சுவரோடு சாய்ந்து, ஒரு கறுப்பு வைஸ் தரையில் உட்கார்ந்திருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முத்துலிங்கம் அதைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. திருகாணியின் மரையைத் துடைத்துப் பார்த்தார், ஒரு தேய்மானம் இல்லை. முன்தாடையை ஆட்டினார், மலை ஆடினாலும் அது ஆடாது. அதே டிக்கெட் துண்டுகளை வைத்து இறுக்கினார். அம்மாக்கண்ணுவே குனிந்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். இரண்டும் கிழிந்தனவே தவிர வரவில்லை.

"இதுதாங்க. எடுங்க" என்றாள்.

முத்துலிங்கத்தின் முகம் பூரித்துப்போனது. இறுக்கின பிடியைத் தளர்த்துவதற்காகக் கையை ஓட்டினார். பிடியின் நுனியில் விரல் நின்றது. எல்லா வைஸிலும் அந்த இடத்தில் ஒரு குண்டு இருக்கும். இதில் குண்டுக்குப் பதிலாக ஓர் ஆறுமூலை நட்டு. அந்த நட்டை அங்கே வைத்து ஒட்டியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

"மூடின பெக்டரி ஒண்டிண்ட ஏலத்தில எடுத்தது அண்ணை. பூண்டுலோயாப் பக்கம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலறவா முடியும்? முத்துலிங்கம் மெல்ல எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்த நீலத்தையே எடுத்துருவோம்" என்றார்.

அம்மாக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் கோணல்னு சொன்னது யாரு?"

"கொஞ்சந்தான் கோணல்."

"கத்தி சுத்தும்னு சொன்னது யாரு?"

"பாத்துப் புடிச்சா சுத்தாது."

"திங்கக்கெழம கண்டாக்கய்யா வந்து பாக்குறப்போ அவருகிட்டயும் பாத்துப் புடிங்கன்னு சொல்லுவீங்களா? அறுவது கத்திங்க. இத விட்டா அந்த வேலை டவுனுக்குப் போயிரும். இந்தக் கருப்புக்கு என்ன கொறச்சல்? சொல்லுங்க."

குகநேசனும் அதைத்தான் தெரிந்துகொள்ள நின்றார். முத்துலிங்கம் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பெயர் போகும் என்பது ஒரு பக்கம், வேலை போகும் என்பது மறுபக்கம். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் கையில் வந்த ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பார்கள். பதினாலு வருஷமாக ஒரே பொய்யைச் சுமந்தவருக்கு இன்னொன்றைத் தூக்கத் தெம்பில்லை.

"இதுல ஒடைவு இருக்கு" என்றார். "ஒடச்சது நான்தான்."

கதை இதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூசை நாள். பெக்டரியை நிறுத்தி, மெஷினெல்லாம் கழுவித் துடைத்து, சாயங்காலம் பூசைக்கு எல்லாரும் வரப்போகிறார்கள். வாசலில் தோரணம் கட்டத் தடித்த இரும்புக் கம்பி ஒன்றை வில்லாக வளைக்க வேண்டியிருந்தது. முத்துலிங்கம் அதை வைஸில் பூட்டி, இறுக்கம் போதவில்லை என்று நாலடிக் குழாய் ஒன்றைப் பிடியில் செருகி, அதில் தொங்கினார். கம்பி வளையவில்லை. வைஸின் பின்தாடைத் தோள்தான் 'டக்' என்றது. விரல் நீளத்துக்கு ஒரு பிளவு.

தோட்டத்து மேனேஜரான பெரியதுரை அப்போதுதான் புதுசாக வந்திருந்தார். சாமானை உடைக்கிறவனை மலை வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று முதல் வாரமே சொல்லியிருந்தார். முத்துலிங்கம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாய் செருகினதில் தெறித்துப்போன பிடிக் குண்டுக்குப் பதிலாக ஒரு நட்டை ஒட்டினார். பிறகு பிளவைத் தோண்டி, இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, பித்தளை ஊற்றி ஒட்டினார். அவசரத்தில் செய்தாலும் அது அவர் வாழ்நாளில் செய்த நல்ல ஒட்டு. மேலே பச்சைப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் காயவில்லை, துரை வருகிற நேரமோ வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டிய நிலைமை. பூசைத் தட்டிலிருந்த சந்தனத்தை அள்ளி அந்த இடத்தில் அப்பி, அதற்கு மேலே தோசைக்கல் அளவுக்குக் குங்குமம் வைத்தார்.

பூசை போட்ட சாமானை யார் கையை வைத்துச் சோதிப்பார்கள்? துரை கும்பிட்டார். பெக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்த வருஷம் பையன்கள் அதே இடத்தில் அதே அளவுக்குப் பொட்டு வைத்தார்கள். "அங்கதான்டா பெரிய பொட்டு வைக்கணும், அதுதான் பெக்டரி மொற" என்று பெக்டரி மூடும்வரை வருஷா வருஷம் நடந்தது. முத்துலிங்கம் ஒவ்வொரு பூசைக்கும் முன்வரிசையில் நின்று கும்பிட்டார். சாமியை அல்ல, பயத்தை.

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. கூடவே, முதுகிலிருந்து உர மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தப் பொட்டா?" என்றாள்.

"அந்தப் பொட்டுதான்."

"ஜெயந்தினி ஓ.எல். பரீட்சை எழுதின வருஷம் பூசைக்கு வந்து அந்தப் பொட்டத் தொட்டுத்தான் நான் வேண்டிக்கிட்டேன். புள்ள பாஸாகணும்னு அழுது கும்பிட்டேன்."

ஜெயந்தினி அவர்களுடைய ஒரே மகள்.

"பாஸாயிட்டா" என்றாள் அம்மாக்கண்ணு. "இப்ப கந்தப்பளையில டீச்சரா இருக்கா." வைஸிலிருந்து கண்ணை எடுத்துப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒட்டினதுக்குப் பொறகு எத்தன வருஷம் ஓடிச்சு?"

"பதினோரு வருஷம்."

"யாரு கையில?"

"எல்லார் கையிலயும். அடியோ அடின்னு அடிச்சானுங்க."

"ஒரு நாளாச்சும் விட்டுச்சா?"

இந்தக் கேள்வியை முத்துலிங்கம் பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. உடைத்ததை நினைத்து வெட்கப்பட்டவருக்கு ஒட்டினதை நினைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவர் மறுபடியும் குந்தினார். பாக்கெட் கத்தியால் தோள் பக்கத்துப் பெயின்டைச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு, பித்தளை மஞ்சளாகச் சிரித்தது. ஒரு புள்ளி இடைவெளி இல்லை. சுத்தியலை வாங்கித் தட்டினார். கோயில் மணி மாதிரிக் கணீரென்றது.

"விடல" என்றார்.

குகநேசன் தலையைச் சொறிந்தார். "அண்ணை, ஒட்டு எண்டு தெரிஞ்ச பிறகு நான் இதுக்கு உத்தரவாதம் சொல்ல ஏலாது."

"நீங்க சொல்ல வேணாம் தம்பி" என்றார் முத்துலிங்கம். "இதுக்கு உத்தரவாதம் நான்."

உரச் சாக்கில் கட்டி, இரண்டு பேர் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். தலவாக்கலையில் பஸ் மாறும்போது மறுபடியும் இறக்கி ஏற்றினார்கள். வழிநெடுக அம்மாக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமோ என்று முத்துலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "தோசக்கல்லு அளவுக்கு" என்று அவள் முனகியது அவர் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மேசையில் ஓட்டை போட்டு, அடியில் இரும்புத் தகடு கொடுத்து, நாலு போல்ட்டில் வைஸை உட்கார வைத்தார். முதல் கத்தியைப் பூட்டும் முன் அம்மாக்கண்ணு சந்தனமும் குங்குமமுமாக வந்தாள். முத்துலிங்கம் பழக்க தோஷத்தில் பின்தாடைத் தோளைக் காட்டினார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு முன்பக்கத்தில், எல்லாரும் வைக்கிற இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். பித்தளைக் கோட்டை முந்தானையால் துடைத்து இன்னும் பளிச்சென்று ஆக்கினாள்.

"அது வெளியிலயே இருக்கட்டும்" என்றாள்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமையும் அரம் ஓய்ந்து முத்துலிங்கம் பார்க்கவில்லை. கத்தி ஒவ்வொன்றும் அந்த வாயில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும்வரை அசையவில்லை. பதினோரு வருஷம் பயந்து பயந்து தொட்ட வைஸை அவர் முதல் தடவையாக நிம்மதியாகத் தொட்டார். பிடியில் மட்டும் குழாய் செருகவில்லை. அந்தப் புத்தி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் கண்டாக்கு திலக்ஷன் வந்தார். ஒரு கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து வேலியோரத்து வாதில் ஒரு வெட்டு வெட்டினார். வெட்டின இடம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மற்றக் கத்திகளை எண்ணவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"நாளைக்குக் கத்தரியும் அனுப்புறேன்ணே" என்றவர், போகிற போக்கில் வைஸைப் பார்த்து நின்றார். "இதென்ன மஞ்சக் கோடு?"

பீலிக்குப் போகக் குடத்தோடு கிளம்பின அம்மாக்கண்ணு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெக்டரி வைஸுங்க" என்றார் முத்துலிங்கம். இந்தத் தடவை அவர் தலை குனியவில்லை. "நான் ஒடச்சது. நானே ஒட்டினது."

திலக்ஷன் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கீங்க" என்று சொல்லிக் கூட வந்த ஆளைச் சாக்கைத் தூக்கச் சொன்னார். அம்மாக்கண்ணு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பீலிக்கரைக்கு நடந்தாள். அவளுக்கு அங்கே பேச நிறைய இருந்தது.